மருந்து மெய்யா, போலியா? கைத்தொலைபேசி தரும் விடை

சந்தையில் பொருள் வாங்குவோர் அதனைச் சோதித்துப் பார்த்தே வாங்குகின்றனர். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதும், அரிசியைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பதும், தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பதும் நம் இல்லத்தரசிகள் பள்ளியில் கற்ற பாடங்கள் அல்ல. தாய்வழி வந்த அறிவு. ஆனால், ஒரு மாத்திரையை அவ்வாறு சோதிக்க எவராலும் இயலாது. நிறத்தைப் பார்க்கலாம்; பெட்டியைப் பார்க்கலாம்; விலையைக் கேட்கலாம். உள்ளே இருப்பது மருந்தா, வெறும் மாவா என்பதை நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவரும் கண்ணால் மட்டும் கண்டு கூற முடியாது. போலி மருந்து வணிகத்தின் முதலீடே நம்முடைய இந்த இயலாமைதான்.

வருவாய் குறைந்த நாடுகளிலும் நடுத்தர வருவாய் பெறும் நாடுகளிலும் விற்கப்படும் மருந்துப் பொருள்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று தரங்குறைந்ததாகவோ போலியாகவோ இருக்கிறது என உலகச் சுகாதார நிறுவனம் 2017-ஆம் ஆண்டில் மதிப்பிட்டது. இது பல நாடுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. நம் நாட்டை மட்டும் குறித்ததன்று. எனினும், இரவுச் சந்தையில் பாய் விரித்து விற்கப்படும் மூட்டுவலி மாத்திரையும், முகவரியற்ற ஒருவர் கைத்தொலைபேசி வழியாக விற்கும் ‘சக்தி’ மருந்தும் தோட்டங்களுக்குள் வந்து சேர்வதை நாம் அறிவோம். ஆகவே, மெய்யான மருந்தை அடையாளம் காண்பதற்குக் கைத்தொலைபேசி எவ்வாறு துணை புரிகிறது, எந்த எல்லைக்கு அப்பால் அது துணை புரியாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. ‘போலி மருந்து’ என்று நாம் பொதுவாகக் கூறுவதில் மூன்று வகை கலந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பெயரையும் பெட்டியையும் திருடி, வேறொருவர் செய்து விற்பது முதல் வகை. உண்மையான நிறுவனமே செய்து, ஆனால் தரம் கெட்டுப்போனது இரண்டாம் வகை. அரசாங்கத்தில் பதிவே செய்யப்படாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாமல் விற்கப்படுவது மூன்றாம் வகை. கைத்தொலைபேசி முதல் வகையை நன்கு பிடிக்கும். மூன்றாம் வகையையும் பிடிக்கும். இரண்டாம் வகையை அது பிடிக்காது. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

மின்னும் வில்லையும் ஏமாற்றியது

நம் தோட்டங்களைத் திறந்த முன்னோர்களைக் கொன்று குவித்த மலேரியாக் காய்ச்சலுக்கு இக்காலத்தில் ஆர்ட்டிசுனேட் என்னும் மருந்து வழங்கப்படுகிறது. மியன்மார், தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், வியட்நாம் ஆகிய அண்டை நாடுகளின் கடைகளில் வாங்கிய இம்மருந்தின் மாதிரிகளை ஆய்வாளர்கள் சோதித்து, 2001-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 104 மாதிரிகளில் 38 விழுக்காட்டில் அந்த மருந்து சிறிதளவும் இல்லை. பெட்டி ஒன்றே, எழுத்து ஒன்றே. போலியைத் தடுப்பதற்காக உண்மையான நிறுவனம் ஒட்டியிருந்த ஹோலோகிராம் என்னும் மின்னும் வில்லையையும் போலிக்காரர்கள் பார்த்துச் செய்திருந்தனர். பின்னர் வந்த ஆண்டுகளில் இவ்வில்லையின் பற்பல போலிகள் கண்டுபிடிக்கப்பட்டன.

இதில் மற்றொரு கொடுமையும் இருந்தது. சில போலி மாத்திரைகளில் பாராசிட்டமோல் கலக்கப்பட்டிருந்தது. அதனை உண்ட நோயாளிக்குக் காய்ச்சலின் சூடு சற்றுத் தணியும்; மருந்து வேலை செய்கிறது என்று வீட்டார் நம்புவர்; மலேரியாக் கிருமியோ குருதியில் பெருகிக்கொண்டே இருக்கும். ‘சாப்பிட்டேன், குணம் தெரிந்தது’ என்று அண்டை வீட்டார் கூறுவது மருந்துக்குச் சான்றாகாது என்பதை இதனினும் தெளிவாக எடுத்துக் காட்ட முடியாது.

வில்லை அழகாக இருப்பதால் பயனில்லை என்பது இதன்மூலம் தெரிய வந்தது. ஒரே படத்தை இலட்சம் பெட்டிகளில் ஒட்டினால், அப்படத்தை ஒருமுறை பார்த்துச் செய்தவன் இலட்சம் போலிகளைச் செய்துவிடலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி அடையாளம் வேண்டும். அந்த அடையாளத்தை வாங்குபவரே அந்த இடத்திலேயே சரிபார்க்கவும் வேண்டும். இவ்விரண்டையும் இயலச் செய்தது கைத்தொலைபேசி.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வழி

இம்முறை வளர்ந்தது செல்வம் கொழிக்கும் நாடுகளில் அன்று, மேற்கு ஆப்பிரிக்காவில். அதிலும் நைஜீரியா நாட்டின் கதை நாம் அறியத்தக்கது.

டோரா அக்குன்யிலி என்னும் அம்மையார் அந்நாட்டின் மருந்தியல் பேராசிரியர். நீரிழிவு நோயாளியான அவருடைய தங்கை, 1988-ஆம் ஆண்டில் போலி இன்சுலின் செலுத்தப்பட்டதால் 21 வயதில் உயிரிழந்தார். 2001-ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் தலைமைப் பொறுப்பு அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் போலி மருந்துக் கிடங்குகளைத் திறந்து, சரக்குகளைப் பொதுமக்கள் காண நெருப்பிலிட்டார். சந்தைகளை இழுத்து மூடினார். 2003-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சென்ற காரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டனர். குண்டு அவருடைய தலைத்துணியைத் துளைத்துச் சென்றது. அவர் உயிர் தப்பினார். 2008-ஆம் ஆண்டுவரை அப்பொறுப்பில் இருந்த அவர், 2014-ஆம் ஆண்டில் நோயுற்றுக் காலமானார்.

அதிகாரிகள் எத்துணைத் துணிவுடன் செயற்பட்டாலும், நாடெங்கும் பரந்து கிடக்கும் சிறு கடைகள் ஒவ்வொன்றிலும் அவர்கள் நிற்க முடியாது. ஆனால், மருந்து வாங்குபவர் அங்கு நிற்கிறார். அவர் கையில் தொலைபேசியும் இருக்கிறது. இந்த எளிய எண்ணத்தை முதலில் செயற்படுத்தியவர்களுள் ஒருவர் கானா நாட்டைச் சேர்ந்த பிரைட் சைமன்ஸ் என்பவர். அவர் 2007-ஆம் ஆண்டில் எம்பெடிகிரி என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அதே கானா நாட்டைச் சேர்ந்த அஷிஃபி கோகோ என்பவர் 2009-ஆம் ஆண்டில் ஸ்புரோக்சில் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்நிறுவனத்தின் துணையுடன் நைஜீரிய அரசாங்கம் 2010-ஆம் ஆண்டில் குறுஞ்செய்திச் சோதனை முறையை மக்களுக்கு அறிமுகம் செய்தது. பின்னர், மலேரியா மருந்துகளுக்கும் நோய்க்கிருமிக் கொல்லி மருந்துகளுக்கும் இம்முறை அங்குக் கட்டாயமாக்கப்பட்டது.

செய்முறை எளிது. மருந்துப் பெட்டியின்மேல் ஒரு வெள்ளிப் பூச்சு இருக்கும். தொலைபேசிக்கு முன்பணம் செலுத்தும் அட்டையைச் சுரண்டி எண் எடுப்பதை நாம் அறிவோம் அன்றோ? அதே போன்று இப்பூச்சை நகத்தால் சுரண்டினால் உள்ளே ஓர் எண் தெரியும். அவ்வெண்ணை ஒரு குறிப்பிட்ட தொலைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். சில நொடிகளில் விடை வரும்: மருந்து மெய்யானது, அல்லது, ஐயத்திற்குரியது, உட்கொள்ள வேண்டா. இதற்கு விலை உயர்ந்த தொலைபேசி தேவையில்லை, இணையமும் தேவையில்லை. பொத்தான் வைத்த பழைய தொலைபேசியே போதும். செய்திக்கான கட்டணத்தையும் வாங்குபவர் செலுத்த வேண்டியதில்லை. ஏழை மக்களுக்கென வகுத்த முறை இவ்வாறு இருப்பதே முறை என்பது எம் கருத்து.

அந்த எண் எவ்வாறு உண்மையைக் கூறுகிறது? காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோல் புத்தகத்தைத் திறந்து பெயர் கூப்பிடுவதை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் இல்லாத பெயரை ஒருவர் கூறினால், அவர் இத்தோட்டத்து ஆள் அல்லர் என்பது உடனே தெரிந்துவிடும். புத்தகத்தில் உள்ள ஒரு பெயருக்கு ஒருவர் ‘இருக்கிறேன்’ என்று கூறிவிட்ட பிறகு, அதே பெயருக்கு இரண்டாமவர் ஒருவரும் குரல் கொடுத்தால், இருவருள் ஒருவர் ஆள்மாறாட்டம் செய்கிறார் என்பது தெரியும். மருந்து எண்ணும் இத்தகையதே. தொழிற்சாலையில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, அனைத்தையும் கணினிப் புத்தகத்தில் எழுதி வைக்கின்றனர். எண்கள் வரிசையாக இருப்பதில்லை. ஆதலால் அடுத்த எண் இதுவாக இருக்கும் என்று எவரும் ஊகிக்க இயலாது. போலிக்காரன் தானே ஓர் எண்ணை அச்சிட்டால் அது புத்தகத்தில் இராது. உண்மையான ஒரு பெட்டியின் எண்ணைப் பார்த்து ஆயிரம் பெட்டிகளில் அச்சிட்டால், முதல் ஆள் சோதித்தவுடன் அந்த எண் ‘பயன்படுத்தப்பட்டது’ என்று குறிக்கப்பட்டுவிடும். எஞ்சிய 999 பெட்டிகளும் அகப்பட்டுவிடும்.

இதனாலேயே, பூச்சு முன்பே சுரண்டப்பட்ட பெட்டியை வாங்கக் கூடாது. சோதிக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் பெட்டியைப் பார்த்து மட்டும் நம்புதல் தகாது. பெட்டியை அச்சிட்ட போலிக்காரன் தன் சொந்தத் தொலைபேசி எண்ணை அதில் அச்சிட்டு, கேட்போர்க்கெல்லாம் ‘மெய்’ என்று விடையளிக்கலாம் அல்லவா?

தொலைபேசி காணாத குற்றம்

நைஜீரியாவில் குறுஞ்செய்தி முறை வருவதற்குச் சற்று முன்னர், 2008-ஆம் ஆண்டின் இறுதியில், பல் முளைக்கும் குழந்தைகளுக்கு வலி தீரக் கொடுக்கும் ஒரு திரவ மருந்தை உண்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கத் தொடங்கினர். 84 குழந்தைகள் மாண்டனர். மருந்தின் பெயர் ‘மை பிகின்’. அந்நாட்டுப் பேச்சு மொழியில் ‘என் பிள்ளை’ என்பது அதன் பொருள். அது போலி மருந்து அன்று. பதிவு பெற்ற நிறுவனம், பதிவு பெற்ற பெயரில் செய்த மருந்து. மருந்தைக் கரைப்பதற்காக வெளியாரிடம் வாங்கிய திரவத்தில், தொழிற்சாலைகளில் பயன்படும் டையெத்திலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு இருந்தது. அன்று குறுஞ்செய்தி முறை இருந்திருந்தாலும், ‘மருந்து மெய்யானது’ என்றே விடை வந்திருக்கும்.

நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவிலும் 2022-ஆம் ஆண்டில் இதே வகை நஞ்சு கலந்த திரவ மருந்துகளால் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். அவையும் கடைகளில் முறையாக விற்கப்பட்டவையே.

ஆகவே, தொலைபேசி சரிபார்ப்பது பெட்டியின் பிறப்புச் சான்றிதழை மட்டுமே. பெட்டிக்குள் இருப்பதை அன்று. மருந்தின் தரத்தைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். தொழிற்சாலையைத் தணிக்கை செய்யும் அதிகாரிகள் வேண்டும். மருந்து உண்ட குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, வாந்தி மிகுந்தாலோ, ‘தொலைபேசியில் சரி என்று வந்ததே’ எனக் காத்திராமல், மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நம் நாட்டில்

1984-ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி, நம் நாட்டில் விற்பனைக்கு வரும் மருந்துகள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம், ஏ, எல் என்னும் 3 ரோமன் எழுத்துகளும், அவற்றைத் தொடர்ந்து 8 இலக்கங்களும், இறுதியில் ஓர் எழுத்தும் காணப்படும். இறுதி எழுத்தைக் கவனிக்க வேண்டும். ‘ஏ’ என்றிருந்தால் அது மருத்துவரோ மருந்தாளரோ மட்டுமே வழங்கத்தக்க மருந்து. ‘எக்ஸ்’ என்றிருந்தால் சில்லறைக் கடையிலும் கிடைக்கும் தலைவலி மாத்திரை போன்றது. ‘டி’ என்பது பாரம்பரிய மருந்து. ‘என்’ என்பது சத்து மாத்திரை முதலிய சுகாதாரத் துணைப் பொருள். சில எண்களில் இதனை அடுத்து வேறு எழுத்துகளும் வரலாம். ‘ஏ’ எழுத்துள்ள மருந்து ஒன்று மளிகைக் கடையிலோ சந்தையிலோ விற்கப்பட்டால், விற்பவர் சட்டத்தை மீறுகிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பதிவு எண் அச்சிடப்பட்டிருப்பதால் மட்டும் மனநிறைவு அடைய வேண்டா. வேறொரு மருந்தின் எண்ணை அச்சிடுவது கடினமான செயலன்று. இங்கேதான் தொலைபேசி துணைக்கு வருகிறது. சுகாதார அமைச்சைச் சேர்ந்த தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணை எழுதித் தேடினால், எந்த மருந்துக்கு அது வழங்கப்பட்டது என்று தெரியும். கையிலுள்ள பெட்டியில் மூட்டுவலி மருந்தின் பெயரும், இணையப் பக்கத்தில் இருமல் மருந்தின் பெயரும் இருக்குமானால், வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

இதனோடு பெட்டியின்மேல் பாதுகாப்பு வில்லை ஒன்றும் ஒட்டப்படுகிறது. 2005-ஆம் ஆண்டில் மெடிடேக் என்னும் பெயரில் வந்த ஹோலோகிராம் வில்லையை நம்மில் பலர் பார்த்திருப்போம். 2019-ஆம் ஆண்டு முதல் அதன் இடத்திற்கு ஃபார்மாடேக் என்னும் புதிய வில்லை வந்தது. இதில் கட்டங்கட்டமான கியூஆர் குறியீடு உண்டு. ஃபார்மாசெக்கர் என்னும் செயலியைத் தொலைபேசியில் இறக்கிக்கொண்டு, அதன்வழி அக்குறியீட்டைப் படம் பிடித்தால், வில்லை மெய்யானதா என்பது திரையில் தெரியும். நைஜீரிய முறையைப் போலன்றி இதற்கு இணையம் வேண்டும். கேமரா உள்ள தொலைபேசியும் வேண்டும். செயலியை இயக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கேட்கலாம். தோட்டத்தின் உட்பகுதியில் ‘லைன்’ கிடைக்காதபோது, பெட்டியின் பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பட்டணத்திற்குச் செல்லும்போது தேடிப் பார்க்கலாம். அதுவரை மருந்தை உண்ணாமல் இருக்க வேண்டும் என்பதே இதில் கடினமான பகுதி.

அரசாங்க மருத்துவ நிலையத்தில் சிறு பையில் எண்ணிக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் இந்த வில்லை இல்லையே என்று எவரும் அஞ்ச வேண்டா. பெரிய பெட்டியிலிருந்து பிரித்து வழங்கப்படுவதால் பையில் வில்லை இராது. அத்தகைய மருந்தை ஐயுற்று நிறுத்திவிடுவது, போலி மருந்து உண்பதைப் போன்றே தீங்கு தரும்.

தமிழகத்திலிருந்து உறவினர் கொண்டுவரும் மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய அரசாங்கம் 2023 ஆகஸ்டு 1 முதல், பெரிதும் விற்பனையாகும் 300 மருந்துப் பெயர்களுக்குக் கியூஆர் குறியீட்டைக் கட்டாயமாக்கியது. அக்குறியீடு அந்நாட்டில் அதனைச் செய்தவர் யார் என்பதைக் கூறும். நம் நாட்டில் அது பதிவு பெற்றது என்பதற்கு அது சான்றாகாது.

மூட்டுவலி மாத்திரை

அதிகாலையில் எழுந்து, குனிந்தும் நிமிர்ந்தும் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, பால் வாளியைச் சுமந்து நடக்கும் பாட்டாளிக்கு இடுப்பும் முழங்காலும் வலிப்பது இயற்கை. அவ்வலியை நம்பியே ஒரு வணிகம் நடைபெறுகிறது. ‘முழுவதும் மூலிகை’ என்று அச்சிட்ட மாத்திரைகளையும் பொடிகளையும் சுகாதார அமைச்சு பலமுறை சோதித்து, அவற்றுள் டெக்சாமெத்தாசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் மறைவாகக் கலக்கப்பட்டிருப்பதைக் கண்டு அறிவித்திருக்கிறது.

ஸ்டீராய்டு வலியை விரைந்து தணிக்கும். மூன்றாம் நாளே ‘இது தெய்வ மருந்து’ என்று கூறத் தோன்றும். மாதக்கணக்கில் உண்டுவர, முகம் உப்பி வட்டமாகும், தோல் மெலியும், எலும்பு வலுவிழக்கும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். உடல் தானே சுரக்க வேண்டிய சுரப்பு குன்றிவிடும். இக்காரணத்தால், நெடுநாள் உண்டவர் அதனைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. ‘போலி என்று தெரிந்துவிட்டது, குப்பையில் எறிந்தேன்’ என்று இருந்துவிடாமல், எஞ்சிய மாத்திரையுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிறிது சிறிதாகக் குறைக்கும் முறையை அவர் வகுத்துத் தருவார். கூச்சம் வேண்டா, எதை உண்டோம் என்பதை மறைப்பவருக்கு மருத்துவரால் முழுமையாக உதவ முடியாது.

இத்தகைய மாத்திரைகளில் பெரும்பாலும் பதிவு எண்ணே இராது. இருந்தால் அது வேறொன்றின் எண்ணாக இருக்கும். ஒரு நிமிடத் தேடலில் வெளிப்பட்டுவிடும் பொய் இது. ஆயினும், அதே தொலைபேசியில்தான் இம்மாத்திரைகளின் விளம்பரமும் வருகிறது. குணமடைந்ததாகக் கூறும் முகங்களும், ‘இன்று வாங்கினால் பாதி விலை’ என்னும் சொற்களும் திரையில் ஓடுகின்றன. விளம்பரத்தைப் பார்க்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைப் பதிவு எண்ணைத் தேடுவதற்கு ஒதுக்கினால், இவ்வணிகர்களின் கடை பாதி காலியாகிவிடும்.

ஐயத்திற்குரிய மருந்து கையில் கிடைத்தால், பெட்டியையும் உள்ளிருக்கும் தாளையும் இரசீதையும் எறிந்துவிடாமல் ஓர் உறையில் இட்டு வைக்க வேண்டும். எங்கு, எந்நாளில், என்ன விலைக்கு வாங்கினோம் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்வது நலம். இணையத்தில் வாங்கியிருந்தால், விற்றவரின் பக்கத்தையும் அவருடன் நடந்த உரையாடலையும் படமெடுத்து வைக்க வேண்டும். அவை ஒரே இரவில் மறைந்துவிடக்கூடும். பின்னர், மாநிலச் சுகாதார இலாகாவின் மருந்து அமலாக்கப் பிரிவில் புகார் செய்யலாம். செல்ல இயலாதவர்கள் அருகிலுள்ள அரசாங்க மருத்துவ நிலையத்தின் மருந்தாளரிடம் கூறினால் அவர் வழிகாட்டுவார். 1952-ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டத்தின்கீழ், முதன்முறை குற்றம் புரிந்த தனிநபருக்கு 25,000 வெள்ளி வரை அபராதமோ, 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வழக்கு நிற்பதற்குப் பொருள் வேண்டும். அந்தப் பெட்டியே அப்பொருள்.